மரங்கள் நிற்கின்றன, தரையில் நாற்று இல்லை: காடு துண்டாகும்போது பூச்செடிகளுக்கு என்ன ஆகிறது?

கேள்வி இது: சுற்றிலும் வயலும் சாலையும் வந்துவிட்ட நிலையில் நடுவே சில ஏக்கர் பழைய காடு மட்டும் மிஞ்சியிருக்கிறது. மரங்களை யாரும் வெட்டவில்லை. ஆனாலும் வசந்தத்தில் தரையில் பூக்கும் ட்ரில்லியம், அனிமோன், ப்ரிமுலா போன்றவை குறைந்துகொண்டே போகின்றன. ஏன்? மீட்க என்ன செய்யலாம்?

பூக்களைப் பார்த்துக் காட்டின் நலத்தை எடைபோடுவதை முதலில் விட்டுவிட வேண்டும். இவை ஒரு பருவத்தில் முளைத்துப் பூத்து மடியும் செடிகள் அல்ல. ட்ரில்லியம் விதையிலிருந்து முதல் பூவுக்கு வரவே ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதன்பின் அதே கிழங்கு பல பத்தாண்டுகள் பூத்துக்கொண்டிருக்கும். அனிமோன் நெமரோசா மண்ணுக்கடியில் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் தண்டை நீட்டியே காலம் தள்ளும். ஆகவே காடு துண்டாகி முப்பது ஆண்டுகள் கழிந்தும் தரை முழுக்கப் பூ இருக்கலாம், அதே தரையில் ஒரு நாற்றுகூட இல்லாமலும் இருக்கலாம். நாம் பார்ப்பது துண்டாவதற்கு முன் பிறந்த செடிகளை. அவற்றுக்கு வாரிசு இருக்கிறதா என்பதுதான் விஷயம்.

சூழலியலாளர்கள் இதை அழிவுக்கடன் என்கிறார்கள். பெல்ஜியத்தின் ப்ளெமிஷ் ப்ரபாண்ட் பகுதியையும் இங்கிலாந்தின் லிங்கன்ஷரையும் ஒப்பிட்டு 2006இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. லிங்கன்ஷரில் காடு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வெகுவாகக் குறைந்துவிட்டது. ப்ரபாண்டில் பெரிய அழிப்பு 18, 19ஆம் நூற்றாண்டுகளில் நடந்தது. மெதுவாக வாழ்ந்து மெதுவாக மடியும் தரைச்செடிகள் ப்ரபாண்டின் துண்டுகளில், இன்றைய காட்டின் அளவு தாங்கக்கூடியதைவிட அதிகமான இடங்களில் இருக்கின்றன. அவை தப்பித்துவிட்டன என்று பொருள் இல்லை. போகவேண்டியவை இன்னும் போகவில்லை, நூறாண்டு கழிந்தும். கடன் தீரும் முன் கை வைத்தால் மீட்க இடம் இருக்கிறது என்பது இதன் நல்ல பக்கம்.

பூவிலிருந்து அடுத்த தலைமுறைப் பூ வரை ஒரு சங்கிலி உண்டு. மகரந்தம் வந்து சேர வேண்டும், விதை கட்ட வேண்டும், விதை எலிக்குத் தப்ப வேண்டும், யாராவது எடுத்துச் செல்ல வேண்டும், சரியான ஈரத்திலும் வெப்பத்திலும் முளைக்க வேண்டும், பிறகு ஐந்தாறு ஆண்டுகள் இலை மட்டும் உள்ள இளஞ்செடியாக உயிர் பிழைக்க வேண்டும். துண்டான காட்டில் இதில் எந்தக் கண்ணி வேண்டுமானாலும் அறலாம். எது அறுந்தது என்று கண்டுபிடிக்காமல் விதை தூவுவதும் வேலி போடுவதும் பெரும்பாலும் வீண் உழைப்பு.

விளிம்பு எவ்வளவு தூரம் உள்ளே வருகிறது

இந்தத் துறையில் மிகக் கவனமாகச் செய்யப்பட்ட வேலைகளில் ஒன்று சூழலியலாளர் எரிக் ஜூல்ஸ் அமெரிக்காவின் தென்மேற்கு ஓரிகனில், சிஸ்கியூ மலைக்காடுகளில் ட்ரில்லியம் ஓவேட்டம் பற்றிச் செய்தது. 1998இல் வெளியானது. இந்தச் செடியின் கிழங்கில் ஒவ்வோர் ஆண்டின் வளர்ச்சியும் ஒரு இடுங்கலாகப் பதிகிறது. எண்ணினால் வயது தெரியும். அப்படி வயதைப் பார்த்தபோது, மொட்டையாக வெட்டப்பட்ட பகுதியின் ஓரத்திலிருந்து ஏறத்தாழ 65 மீட்டருக்குள் இருந்த கூட்டங்களில், பக்கத்துக் காடு வெட்டப்பட்ட காலத்துக்குப் பிறகு பிறந்த செடிகள் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. விளிம்பின் தாக்கம் எட்டாத உள்காட்டில் இளஞ்செடிகள் இருந்தன. தொடர்ந்து பார்த்ததில் இரண்டு காரணங்கள் வெளிப்பட்டன. விளிம்பில் மகரந்தம் போதாமல் விதை குறைவாகக் கட்டியது. கட்டிய விதையையும் எலிகள் அதிகமாகத் தின்றன. வெட்டிய இடத்தில் புதர் மண்டியதும் மான் எலி எனப்படும் பெரோமிஸ்கஸ் பெருகியது. அது இரவில் பக்கத்துக் காட்டுக்குள் வந்து விதை பொறுக்கியது. ட்ரில்லியத்தை யாரும் தொடவில்லை, பக்கத்தில் நடந்த வெட்டு எலி வழியாக அதன் சந்ததியைத் தொட்டுவிட்டது.

65 மீட்டர் என்பதை எல்லாக் காட்டுக்கும் பொதுவான எண்ணாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒளி, வெப்பம், ஈரப்பதம் போன்ற மாற்றங்கள் பெரும்பாலும் 50 மீட்டருக்குள் அடங்கிவிடும். வட அரைக்கோளத்தில் தெற்கு நோக்கிய விளிம்பிலும், காற்று அடிக்கும் திசை விளிம்பிலும் இன்னும் ஆழமாகப் போகும். களைச்செடிகள் பெரும்பாலும் முதல் சில மீட்டர்களிலேயே நின்றுவிடும். எலி, மான், பூனை போன்றவற்றுக்கு இந்த எல்லையெல்லாம் கிடையாது.

ஆனாலும் 50 மீட்டரை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஹெக்டேர் சதுரத் துண்டு, பக்கத்துக்கு 100 மீட்டர். நான்கு பக்கமும் 50 மீட்டர் விளிம்பு வந்தால் உள்காடு பூஜ்யம். நான்கு ஹெக்டேரில் மிஞ்சுவது ஒரு ஹெக்டேர், அதாவது கால் பங்கு. பத்து ஹெக்டேரில் சுமார் 4.7 ஹெக்டேர். நூறு ஹெக்டேரில் 81. இதெல்லாம் சதுரத்துக்கு. அதே பத்து ஹெக்டேர் ஓடையோரமாக 100 மீட்டர் அகலத்தில் ஒரு கிலோமீட்டர் நீண்டு கிடந்தால் உள்காடு மறுபடியும் பூஜ்யம். வரைபடத்தில் பரப்பளவைப் பார்த்து ஏமாறுவது இங்கேதான். நடுவில் ஒரு வண்டிப்பாதை போனாலே இரண்டு புது விளிம்புகள் பிறந்துவிடும்.

மகரந்தம்

சிறு துண்டில் பூக்கள் குறைவு. குறைந்த பூக்களை நோக்கிப் பம்பிள் தேனீக்கள் வருவதும் குறைவு. வந்தாலும் கொண்டுவரும் மகரந்தம் அதே செடியின் கிளையிலிருந்தே வரலாம். தன் மகரந்தத்தை ஏற்காத இனங்களுக்கு இது நேரடி அடி. லில்லி ஆஃப் த வேலி எனப்படும் கொன்வலாரியா மண்ணுக்கடியில் தண்டு ஓட்டிப் பெரிய பரப்பை மூடிவிடும். பார்க்க ஆயிரம் செடி, மரபில் ஒரே செடி. அந்தத் துண்டில் வேறு மரபு இல்லையென்றால் பூ உண்டு, காய் இல்லை. துண்டுக்குத் துண்டு இப்படி ஒவ்வொரு மரபு மட்டும் தனித்து நிற்கும் நிலை வரலாம்.

ப்ரிமுலாவில் இது வேறு வடிவம் எடுக்கிறது. அவற்றில் இருவகைப் பூக்கள் உண்டு. ஒன்றில் சூல்தண்டு நீண்டு வாயருகே தெரியும், மகரந்தப்பை குழாயின் கீழே இருக்கும். மற்றதில் நேர்மாறாக. ஒரு செடியில் ஒரு வகைப் பூ மட்டுமே. நீளத்தண்டுப் பூவுக்குக் குட்டைத்தண்டுப் பூவின் மகரந்தம்தான் வேண்டும், அதற்கு இதனுடையது. பெரிய கூட்டத்தில் இரண்டும் ஏறத்தாழ சரிபாதி. நாற்பது செடி மட்டும் உள்ள துண்டில் வெறும் தற்செயலால் முப்பத்தைந்துக்கு ஐந்து என்று ஆகிவிடலாம். அந்த முப்பத்தைந்துக்கும் துணை ஐந்துதான். வாய்க்குள் எட்டிப் பார்த்து இரண்டு வகையையும் எண்ணுவது பத்து நிமிட வேலை. ப்ரிமுலா உள்ள காட்டில் நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான்.

வயோலாக்கள் திறக்காத மொட்டுக்குள்ளேயே தன் மகரந்தத்தால் விதை கட்டிக்கொள்ளும். ப்ளட்ரூட் எனப்படும் சாங்குவினேரியாவும் வெளி மகரந்தம் வராவிட்டால் சில நாளில் தன்னுடையதையே எடுத்துக்கொள்ளும். இவற்றுக்கு மகரந்தம் உடனடிப் பிரச்சினை இல்லை. உட்கலப்பால், அதாவது தனக்குள்ளேயோ நெருங்கிய உறவுக்குள்ளேயோ கலப்பதால் வரும் மரபுத் தளர்ச்சி பிந்தி வரும். தலைமுறைகள் நீளமாக இருப்பதால் அது வெளியே தெரியவும் காலம் பிடிக்கும்.

எறும்பு போகும் தூரம்தான் காட்டின் வேகம்

ட்ரில்லியம் விதையைக் கையில் எடுத்துப் பாருங்கள். மூன்று மில்லிமீட்டர் அளவில் பழுப்பான விதை, ஒரு பக்கத்தில் வெளிர்நிறச் சதைத்துணுக்கு ஒட்டியிருக்கும். எலையோசோம் எனப்படும் கொழுப்புத் துணுக்கு அது. அதிலுள்ள ஓலெயிக் அமிலம் செத்த பூச்சியின் உடலிலும் இருப்பது. எறும்புக்கு அது இரை. கூட்டுக்கு இழுத்துப்போய்ச் சதையைத் தன் குஞ்சுப் புழுக்களுக்கு ஊட்டிவிட்டு, விதையைக் குப்பை மூலையில் போட்டுவிடும். எலிக்கு மறைவான, கொஞ்சம் மென்மையான மண்ணில் விதை சேர்ந்துவிடுகிறது. கிழக்கு வட அமெரிக்காவின் இலையுதிர் காடுகளில் வசந்தப் பூச்செடிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இப்படி எறும்பை நம்பியவை. அங்கே பெரும்பங்கு வேலையைச் செய்வது அஃபீனோகாஸ்டர் எறும்புகள். அவை உளுத்த மரக்கட்டையிலும் கல்லுக்கடியிலும் கூடு வைப்பவை.

எறும்பு விதையைத் தூக்கிப்போகும் சராசரித் தூரம் ஒன்றிரண்டு மீட்டர். பத்து மீட்டரைத் தாண்டுவது அரிது. விதை மீண்டும் நகர, அது முளைத்து வளர்ந்து பூத்துக் காய்க்க வேண்டும், ஏழெட்டு ஆண்டுகள். தெற்கு சுவீடனில் பழைய காட்டை ஒட்டி வளர்ந்த புதுக் காடுகளில் அளந்தபோது, பெரும்பாலான தரைச்செடிகள் ஆண்டுக்கு ஒரு மீட்டரைக்கூட எட்டவில்லை. இடையில் வெட்டவெளி ஐம்பது மீட்டர் இருந்தால் எறும்பு வழிச் செடிகளுக்கு அது கடலுக்குச் சமம். வெட்டவெளியில் வேறு எறும்புகள் இருக்கும். அவற்றில் பல சதையை விதை கிடந்த இடத்திலேயே தின்றுவிட்டுப் போகும்.

அப்படியானால் பனியுகத்துக்குப் பின் இவை எப்படி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வடக்கே வந்தன? காட்டு இஞ்சி எனப்படும் அசாரம் கனடென்சே பற்றி 1998இல் செய்த கணக்கில், எறும்பை மட்டும் நம்பியிருந்தால் 16,000 ஆண்டுகளில் பத்துப் பதினொரு கிலோமீட்டர்தான் வந்திருக்க முடியும். அரிதாக நடக்கும் நீண்ட பயணம் ஏதோ உண்டு. ட்ரில்லியத்தைத் தின்ற மானின் சாணத்திலிருந்து விதை முளைத்ததை 2003இல் பதிவுசெய்தார்கள். குளவிகளும் ட்ரில்லியம் விதையைத் தூக்குகின்றன. ஆனால் துண்டான நிலத்தில் மானை விதை தூவும் நண்பனாக எண்ணி நிம்மதி அடைய முடியாது. அது தின்னும் செடிகளின் எண்ணிக்கைக்கு முன்னால் சுமந்து வரும் விதை மிகச் சொற்பம்.

மண்ணில் பழைய விதை உறங்கிக்கொண்டிருக்கும், சூழலைச் சரிசெய்தால் முளைத்துவிடும் என்று பலர் காத்திருக்கிறார்கள். பழங்காட்டுத் தரைச்செடிகளில் பெரும்பாலானவற்றுக்கு நிலையான விதைவங்கி கிடையாது. விதை ஒன்றிரண்டு ஆண்டில் முளைக்கும், அல்லது செத்துப்போகும். மண்ணைக் கிளறினால் வருவது நெட்டில் எனப்படும் சுணைச்செடியும் ஃபாக்ஸ்குளோவும் போன்றவைதான். செடி போய்விட்டால் வெளியிலிருந்து விதை வந்தாக வேண்டும்.

முளைப்பு

பிரேசிலில் மனாஸ் நகருக்கு வடக்கே 1979இல் தொடங்கிய காட்டுத்துண்டுச் சோதனையில் துண்டுகளை வேண்டுமென்றே 1, 10, 100 ஹெக்டேர் அளவுகளில் பிரித்து வைத்திருக்கிறார்கள். அங்கே ஆய்வாளர் எமிலியோ ப்ரூனா ஹெலிகோனியா அக்யுமினாட்டா என்ற தரைச்செடியின் விதையை ஊன்றிப் பார்த்து 1999இல் வெளியிட்டார். தொடர்காட்டில் விதை முளைக்கும் வாய்ப்பு, 1, 10 ஹெக்டேர் துண்டுகளில் உள்ளதைப்போல மூன்று முதல் ஏழு மடங்கு. இந்தச் சோதனையில் மகரந்தமும் விதைபரப்பியும் கணக்கிலேயே வரவில்லை, விதையை அவரே கொண்டுபோய் ஊன்றினார். துண்டின் மண்ணும் காற்றும் சருகும் மட்டுமே முளைப்பைக் கெடுக்கப் போதும் என்பது இதில் தனியாகத் தெரிந்தது. இதனால்தான் விதை தூவினால் சரியாகிவிடும் என்ற பொதுவான யோசனை பல இடத்தில் தோற்கிறது.

குளிர்நாட்டுச் செடிகளில் முளைப்பு இன்னும் சிக்கலானது. ட்ரில்லியம் விதைக்கு இரட்டை உறக்கம். முதல் குளிர்காலம் கழிந்து வேர் மட்டும் வரும், இரண்டாம் குளிர்காலம் கழிந்துதான் பச்சை இலை தரைக்கு மேலே தெரியும். அனிமோன் நெமரோசாவின் விதை உதிரும்போது அதன் கரு முழுதாக வளர்ந்திருக்காது. கோடை முழுவதும் ஈரச்சருகுக்குள் கரு வளர்ந்து, இலையுதிர்காலத்தில் வேர் விட்டு, அடுத்த வசந்தத்தில் தளிர் நீட்டும். இந்த மாதங்களில் ஒருமுறை நன்றாகக் காய்ந்தால் கதை முடிந்தது. காற்று சருகை அள்ளிச் செல்லும் விளிம்பில் அது எளிதில் நடக்கும். எதிர்ப்பக்கமாக, காற்று கொண்டுவந்து கொட்டும் இடத்தில் சருகு பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் குவிந்துகிடக்கும். சிறு விதையின் தளிர் அதைத் துளைத்து மேலே வராது.

மண்ணின் பழைய வரலாறும் பேசும். வயலாக உழுது உரமிட்ட நிலத்தில் மறுபடி காடு வளர்ந்தாலும் பாஸ்பரஸ் நீண்டகாலம் தங்கிவிடும். வடகிழக்கு பிரான்சில் ரோமானியர் காலத்தில் பயிரிட்ட இடங்களில், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் கழிந்தும் தரைச்செடிகளின் கலவை வேறாக இருப்பதைக் காட்டியிருக்கிறார்கள். சத்து மிகுந்தால் நெட்டிலும் முட்புதரும் முந்திக்கொள்ளும். மெதுவாக வளரும் நாற்று அவற்றின் நிழலில் அமுங்கும்.

முளைத்த பிறகு

துண்டான நிலம் மானுக்கு மிகவும் வசதி, வயலில் மேய்ச்சல், துண்டில் மறைவு. ட்ரில்லியத்துக்குத் தரைக்கு மேலே ஒரே தண்டு, மூன்று இலை. மான் ஒரு கடி கடித்தால் அந்த ஆண்டுக்கு எல்லாம் போய்விடும், மறுபடி தளிர்க்காது. கிழங்கு தன் இருப்பைச் செலவழித்து அடுத்த ஆண்டு சிறிதாக வரும். தொடர்ந்து கடிபட்டால் பூத்த செடி பூக்காத மூவிலையாகவும், பிறகு ஒற்றையிலையாகவும் பின்னோக்கிச் சுருங்கும். ஆகவே ஒற்றையிலைச் செடிகளைப் பார்த்து இளங்கன்று என்று மகிழ்வதற்கு முன் கிழங்கின் பருமனைக் கவனிக்க வேண்டும். மேல்மண்ணை விரலால் விலக்கினால் போதும். இளஞ்செடிக்குக் கிழங்கு சிறுமணியாக இருக்கும். சுருங்கிய முதியதற்கு விரல் தடிமனில் தழும்புகளோடு இருக்கும். பார்த்ததும் மண்ணையும் சருகையும் மூடிவிடுங்கள்.

மானைத் தவிர இன்னும் இரண்டு கேடுகள் உண்டு, மண்புழுவும் வெளியிலிருந்து நுழையும் செடிகளும். அவை சுருக்கமாக. வட அமெரிக்காவின் பனியுகப் பனிப்பாறை மூடியிருந்த பகுதிகளில் மண்புழு இயல்பாக இல்லை. ஐரோப்பிய மண்புழு நுழைந்த காட்டில் சருகு அடுக்கே காணாமல் போகிறது, அதில் வேரூன்றும் நாற்றும் போகிறது. மண்ணோடு செடி கொண்டுவருவதும், தூண்டிலுக்கு வாங்கிய புழுவைக் கொட்டுவதும் அங்கே பெரிய கேடு. அடுத்து, பூண்டுக்கடுகு எனப்படும் அல்லியேரியா. விளிம்பு வழியாக நுழைந்து, தன் வேதிப்பொருளால் மற்றச் செடிகளின் வேரோடு வாழும் பூஞ்சைகளைக் கெடுக்கிறது. லோனிசெரா என்ற புதர், மரங்களுக்கு முன்பே இலை விட்டு, வசந்தப் பூக்கள் நம்பியிருக்கும் சில வார வெளிச்சத்தைப் பறித்துவிடுகிறது.

எந்தக் கண்ணி அறுந்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது

முதலில் வயதுநிலைக் கணக்கு. விளிம்பிலிருந்து உள்நோக்கி ஒரு நேர்க்கோடு போட்டு 0, 10, 25, 50, 100 மீட்டரில் ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தை வையுங்கள். ஒவ்வொரு தூரத்துக்கும் குறைந்தது ஐந்து சட்டம், பக்கவாட்டில் விலக்கி. ட்ரில்லியம் என்றால் நான்கு நிலையாக எண்ணலாம்: குறுகிய விதையிலை மட்டும் உள்ள நாற்று, ஒற்றையிலை, பூக்காத மூவிலை, பூத்தது. பூத்தது மட்டும் இருந்து முதல் இரண்டு நிலையும் காலியாக இருந்தால் மீளுருவாக்கம் நின்றுவிட்டது. ஒரே ஆண்டின் கணக்கை நம்பி முடிவெடுக்காதீர்கள். வறண்ட ஆண்டில் நாற்று இயல்பாகவே குறையும். குறைந்தது மூன்று வசந்தம் எண்ண வேண்டும்.

நாற்று இல்லையென்றால் அடுத்தது மகரந்தச் சோதனை. இருபது பூவைக் குறித்துவைத்து, பத்து மீட்டருக்கு அப்பாலுள்ள வேறு செடியின் மகரந்தத்தைச் சிறு தூரிகையால் சூல்முடியில் தடவுங்கள், இரண்டு நாள் இடைவெளியில் இருமுறை. அதே அளவு செடிகளில் இன்னொரு இருபது பூவைத் தொடாமல் விடுங்கள். காய் முற்றும்போது இரண்டிலும் விதையை எண்ணுங்கள். கையால் தடவியது தெளிவாக அதிகம் என்றால் மகரந்தம் பற்றாக்குறை. இரண்டிலும் குறைவு என்றால் ஒரே மரபா, சத்துக்குறைவா என்று பார்க்க வேண்டும். பத்து மீட்டர் தள்ளியிருந்தாலும் அது அதே கிழங்கின் கிளையாக இருக்கக்கூடும் என்பதால், பரவி ஓடும் இனங்களுக்கு மகரந்தத்தை வேறு துண்டிலிருந்து கொண்டுவருவதே சரி.

விதை கட்டுகிறது, நாற்று இல்லை என்றால் யார் எடுக்கிறார்கள் என்று பாருங்கள். பத்துப் பத்தாகப் புது விதையைச் சிறு அட்டைகளில் வைத்து, பாதி அட்டைகளின் மேல் 6 மில்லிமீட்டர் கண் உள்ள கம்பிவலைக் கூண்டைக் கவிழ்த்துத் தரையோடு ஆணி அடியுங்கள். எறும்பு நுழையும், எலி நுழையாது. காலையில் வைத்து மாலையில் எண்ணுங்கள், மறுபடி மாலையில் வைத்துக் காலையில் எண்ணுங்கள். எலி இரவில் வருவது, அதனால் இரண்டையும் கலக்காமல் பிரித்தறியலாம். மூடியதில் விதை அப்படியே இருந்து, திறந்ததில் உமி மட்டும் கிடந்தால் எலி. இரண்டிலும் பகலில் விதை போய்விட்டால் எறும்பு வேலை செய்கிறது. மூடியதிலும் திறந்ததிலும் சதை காய்ந்து விதை கிடந்தால் எறும்பு இல்லை. சதை காய்ந்த விதையை எறும்பு சீண்டாது, ஆகவே அன்று வெடித்த காயின் விதையைத்தான் பயன்படுத்த வேண்டும்.

கடைசியாக விதைப்புச் சோதனை. அரை மீட்டர் சதுரங்களில் நூறு நூறு விதையாக விதையுங்கள், எலிவலை போட்டு. பக்கத்திலேயே விதைக்காத சதுரங்களும் வேண்டும். விளிம்பிலும் உள்ளேயும் செய்து, பாதியில் சருகைச் சீராக்கியும் பாதியில் விட்டுவைத்தும் பாருங்கள். விதைத்த இடத்தில் நாற்று வந்தால் குறை விதையில், வராவிட்டால் குறை இடத்தில். ட்ரில்லியத்துக்கு இரண்டாம் வசந்தம் வரை முடிவு சொல்லக் கூடாது. முதல் வசந்தத்தில் ஒன்றும் வரவில்லை என்று சதுரத்தைக் கிளறிவிட்டு, வேர்விட்ட விதைகளையெல்லாம் கொல்வது அடிக்கடி நடக்கிறது. நான்கு மூலையிலும் துருப்பிடிக்காத கம்பி நட்டு, தேதியோடு எண் எழுதுங்கள்.

என்ன செய்வது

விளிம்புதான் காரணம் என்றால் விளிம்பை மூடுங்கள். உள்ளூர்ப் புதரும் குறுமரமும் கலந்து, காட்டுக்கு வெளிப்பக்கமாகப் பத்துப் பதினைந்து மீட்டர் பட்டை வளர்த்தால் காற்றும் பக்கவெளிச்சமும் குறையும். காட்டுக்குள்ளே நடாதீர்கள், இருக்கும் உள்காட்டைத் தின்றுவிடும். பக்கத்து வயலோடு ஒப்பந்தம் செய்து அந்தப் பட்டைக்கு உரமும் களைக்கொல்லியும் வராமல் பார்ப்பது புதர் நடுவதைவிட முக்கியம். பட்டை அடர்ந்த முதல் சில ஆண்டுகளில் எலி பெருகலாம், அப்போது விதைப்புகளுக்கு வலை தேவை.

புது மரம் நட இடமும் பணமும் இருந்தால் பழைய காட்டை ஒட்டியே நடுங்கள். தனியாக அரைக் கிலோமீட்டர் தள்ளி நட்ட அழகான தோப்புக்கு, ஆண்டுக்கு ஒரு மீட்டர் நகரும் செடி தானாக வராது. இணைப்புப் பட்டைகளும் வேலிமரவரிசைகளும் நல்லவைதான், அவற்றில் பல தரைச்செடிகள் வாழ்கின்றன. ஆனால் நூறு மீட்டர் பட்டையைக் கடக்க நூறாண்டுக்கு மேல் ஆகும் என்பதை மனத்தில் வைத்துத் திட்டமிட வேண்டும். எனவே பட்டை வழியே காத்திருப்பதைவிட விதையை நாமே கொண்டுபோவது பல இடத்தில் தவிர்க்க முடியாதது.

விதை எடுப்பதில் கவனம். பக்கத்துத் துண்டுகளின் பெரிய கூட்டங்களிலிருந்து, குறைந்தது முப்பது நாற்பது தாய்ச்செடிகளில் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். ஒரு கூட்டத்தின் அந்த ஆண்டு விதையில் பத்தில் ஒன்றுக்கு மேல் எடுக்காதீர்கள். செடியைத் தோண்டி எடுக்கவே கூடாது. காய் மென்மையாகித் திறக்கும் நிலையில் பறித்து, அன்றோ மறுநாளோ விதைக்க வேண்டும். ட்ரில்லியம், அனிமோன், அசாரம், ப்ளட்ரூட் விதைகளைக் காகித உறையில் உலர்த்தி வைத்தால் பெரும்பகுதி செத்துவிடும். விதைப்பில் தோல்விக்கு முதல் காரணம் இதுதான், விற்பனைக்கு வரும் காய்ந்த விதைகளுக்கும் இது பொருந்தும். சில நாள் வைக்கத்தான் வேண்டும் என்றால் ஈர வெர்மிகுலைட்டில் (நீரைப் பிடித்துவைக்கும் கனிமத் துகள்) கலந்து மூடிய பையில் குளிரில் வையுங்கள்.

விதைக்கும் இடத்தில் சருகை விலக்கி, மேல்மண்ணை விரலால் லேசாகக் கீறி, ட்ரில்லியம் அளவு விதையை ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் இட்டு, இரண்டு மூன்று சென்டிமீட்டர் சருகால் மூடுங்கள். ப்ரிமுலா போன்ற சிறு விதை மண்பரப்பிலேயே இருக்கட்டும். பரவலாகத் தூவாமல் திட்டுத்திட்டாக விதையுங்கள். பூக்கும் காலத்தில் தேனீயை ஈர்க்கக் கூட்டம் வேண்டும். ப்ரிமுலாவில் ஒருவகைப் பூ மட்டும் மிஞ்சிய துண்டுக்கு, மற்ற வகை உள்ள துண்டின் விதையைக் கொண்டுவருவதுதான் மருந்து. விழுந்த கட்டைகளை அகற்றாதீர்கள், எறும்புக்கு வீடு அவை.

மானுக்கு வேலி 2.4 மீட்டர் உயரம். அவ்வளவு செலவு முடியாவிட்டால், ஒரு மீட்டர் சொச்சம் விட்டமும் ஒன்றரை மீட்டர் உயரமும் உள்ள கம்பிக் கூண்டுகளை நல்ல திட்டுகளின் மேல் வைக்கலாம். குறுகிய கூண்டுக்குள் மான் குதிக்காது. வேலி போட்ட மூன்றாம் ஆண்டில் முதிய செடிகள் பெரிதாகித் திரும்பப் பூக்கும். நாற்று எண்ணிக்கை உயர்வது அதற்கும் சில ஆண்டுகள் கழித்து. இடையில் வேலி பயன் தரவில்லை என்று கழற்றிவிடுபவர்கள் உண்டு.

பூண்டுக்கடுகை இரண்டாம் ஆண்டுப் பூ வந்ததும் காய்க்கும் முன் வேரோடு பிடுங்கி, பையில் போட்டு வெளியே கொண்டுபோக வேண்டும். பிடுங்கித் தரையில் போட்டால் பூத்த தண்டு அங்கேயே விதை முற்றும். மண்ணில் அதன் விதை பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும் என்பதால் ஒருமுறை வேலை போதாது, நடுவில் ஓராண்டு விட்டாலும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

வெளிச்சம் பற்றி ஒரு வார்த்தை. விளிம்பின் வெளிச்சம் கெடுதல் என்றதால் இருட்டுதான் நல்லது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஐரோப்பாவில் முறைவெட்டு (மரங்களை முறைவைத்து அடியில் வெட்டி மறுபடி தளிர்க்கவிடுவது) நின்றுபோன பழைய காடுகளில் மேலே இலைக்கூரை அடர்ந்து, ப்ரிமுலாவின் பூவும் நாற்றும் இரண்டுமே குறைந்திருக்கின்றன. அங்கே உள்காட்டில் சிறு திட்டுகளாக வெட்டி ஒளி விடுவது உதவும், மான் உள்ளே வராமல் தடுத்திருந்தால் மட்டும். ட்ரில்லியம் ஓவேட்டம் உள்ள ஊசியிலைக் காட்டில் அதே வேலையைச் செய்யாதீர்கள். இனத்துக்கு இனம் தேவை மாறும். ஆர்க்கிட், பெரணி போலத் தூசி விதையும் வித்துமாகக் காற்றில் போகிறவையும், ஆரம் என்ற செடியைப் போலப் பறவை தின்னும் பழம் உள்ளவையும், ஜியம் போல உரோமத்தில் ஒட்டிக்கொள்பவையும் துண்டுகளுக்கிடையே தாமே நகர்ந்துகொள்ளும். உழைப்பையும் பணத்தையும் அவற்றில் போட வேண்டாம். உங்கள் துண்டில் உள்ள இனங்களை வரிசையாக எழுதி, எறும்பை நம்பியவை, தன் மகரந்தத்தை ஏற்காதவை, விதைவங்கி இல்லாதவை என்று குறியுங்கள். மூன்று குறியும் விழுந்த இனங்களிலிருந்து வயதுநிலைக் கணக்கைத் தொடங்குங்கள்.